தமிழரசு அடித்த சேம் சைடு கோல்

தமிழரசை எனக்கு இருபத்து மூன்று வருடமாகத் தெரியும். அதில் இருபது வருடம் அவனைத் திட்டியே கழித்தேன்.

குமாரபாளையத்தில் பதினைந்து வயதிலேயே விசைத்தறி ஓடும் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போனவன். பகலெல்லாம் அங்கே நின்றுவிட்டு, சாயங்காலம் எங்கள் கால்பந்து கிளப்புக்கு ஸ்டாப்பர் பேக் ஆடுவான். அவனைத் தாண்டிப் பந்து வந்தால்தான் கோல்கீப்பரான எனக்கு வேலை. பாதி மேட்ச் சும்மாதான் நிற்பேன்.

2005 மாவட்ட லீக் பைனல், கடைசி நிமிடம். பந்து என் கைக்கு நேராக வருகிறது. "உடு தமிழு, உடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டானா? குறுக்கே பாய்ந்து தலையைக் கொடுத்தான். சேம் சைடு கோல்! கோப்பை பள்ளிபாளையத்துக்குப் போனது. எவ்வளவு திமிர் பாருங்கள் என்று அன்றைக்கு ஆரம்பித்தவன்தான் நான்.

அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஆடினான், முட்டி போனது, கோச் ஆனான். கிளப் செயலாளர் நான். வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டேன். இந்த வருடம் புகார் மேல் புகார். கூப்பிட்டால் திரும்புவதில்லை, போனை எடுப்பதில்லை, ரெஃப்ரி பேசினாலும் மதிப்பதில்லை. ஆளை மாற்றுங்கள் என்றது கமிட்டி. எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது.

சேதியை நானே சொல்ல, ஞாயிறு காலை மைதானத்துக்குப் போனேன். பயிற்சி ஆட்டம் நடக்கிறது, ஒரு சத்தம் இல்லை. இதென்ன கூத்து! ஒருவன் இரண்டு விரலைக் கத்திரி போல ஆட்டினான். பின்வரிசை சட்டென்று நெருங்கி நின்றது. தறிக்குடோனில் நூல் அறுந்தால் காட்டுகிற சைகை அது. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, கைதான் பேசும். தமிழரசிடம் பேச வந்த ஒவ்வொருவனும் சுற்றிவந்து அவன் முகத்துக்கு நேராக நின்றே பேசினான்.

நான் பின்னால் நின்று கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"அன்னைக்குப் பைனல்ல நான் கத்துனது உனக்குக் கேக்கவே இல்லியா?"

என் உதட்டையே பார்த்தான். "இல்லீங்ணா. தறிச் சத்தத்துல அப்பவே பாதிக் காது போயிருச்சு. இப்ப சுத்தமா இல்லீங்க."

"அடப்பாவி! திமிர் புடிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனேடா. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா டீம்ல வெச்சிருப்பீங்ளாண்ணா?"

வைத்திருக்க மாட்டேன். உண்மை அதுதான். வெட்கமாக இருந்தது.

"இப்பச் சொல்லிப்போட்டேன்," என்றான், கண்ணை என் வாயிலிருந்து எடுக்காமல். "கோச்சா வெச்சுக்குவீங்ளா?"

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் கமிட்டியில் கேட்டார்கள், கோச்சை மாற்றியாயிற்றா என்று.

"வேணும்னா செயலாளர மாத்திக்குங்க," என்றேன். "அவங்கிட்டப் பேசறதுன்னா, இனி எல்லாரும் முன்னாடி போய் நின்னு பேசுங்க."