இரண்டாவது ஆள்

குணசேகருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஆஸ்டின் டவுனில் குடியிருந்துகொண்டு, அடுகோடியில் பெர்னார்ட் நடத்தும் சின்ன சர்வீஸ் கடைக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறான். சொந்த ஊர் தங்கவயல். அவன் அப்பா அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர். அவர் எதற்காவது பயந்தார் என்று வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனாலேயே தன் பயத்தை அவன் வெளியே சொன்னதில்லை.

அது பெர்னார்டுக்கு மட்டும் தெரியும். ஒரு மழைக்காலத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தனியாக லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். திடீரென்று கை கால் விறைத்துவிட்டது. மேலேயும் இருட்டு, கீழேயும் இருட்டு. காலடியில் தகடு இருக்கிறது என்ற நினைப்பே போய், வெறும் காற்றில் நிற்பதுபோல் இருந்தது. கூப்பிட்டுப் பதில் வராமல் பயந்துபோன வாட்ச்மேன் பெர்னார்டுக்கு போன் செய்தான். அறுபதை நெருங்கிய மனிதர், ஆட்டோ பிடித்து ஓடிவந்து, தானே அந்தக் கூரைமேல் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பயப்படாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் வீட்டு மாமரத்தில் குரங்குகள் செய்கிற அட்டகாசத்தையே சொல்லிக்கொண்டிருந்தார், அவன் விரல்கள் தளரும்வரை. அதற்குப் பிறகு அவனோடு இன்னொரு ஆளை அனுப்பாமல் இருந்ததில்லை. ஏன் என்று யார் கேட்டும் சொன்னதில்லை.

இப்படியிருக்கையில்தான் பெரிய கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"இன்னும் இன்னா யோசிச்சிகினு இருக்கீங்க?" என்றாள் மனைவி தனலக்ஷ்மி. "பெர்னார்ட் சார் நல்லவருதான், யாரு இல்லேன்னா? ஆனா நம்ம ரக்ஷிதாவ காலேஜுல அவரா சேக்கப் போறாரு?"

கம்பெனி அவனை ஒருநாள் வந்து வேலை செய்து காட்டச் சொல்லியிருந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று பெர்னார்டிடம் பொய் சொல்லி லீவு வாங்கினான். "சந்தோஷமா போய்ட்டு வா குணா" என்று அவர் அனுப்பிவைத்தது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சர்ஜாபுரா சாலையில் முப்பது மாடிக் கட்டடம். சூப்பர்வைசர் பிரகாஷ் அவனைக் கூண்டின் மேல் ஏற்றி, "ஒரு ரவுண்டு பாத்துட்டு வாங்க" என்று சொல்லிக் கதவை மூடினார். தலைக்கு மேலே கயிறுகள் இருட்டுக்குள் போய் மறைந்தன. எங்கேயோ உயரத்தில் காற்று ஊளையிட்டது. பாதி வழி போவதற்குள் வாய் உலர்ந்தது, காது அடைத்தது. இங்கே விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? கையில் பட்ட ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டு அப்படியே மண்டியிட்டான். தவழ்ந்து போய், பக்கத்துக் கதவின் கொக்கியைத் தடவித் திறந்து, யாரோ குடியிருக்கும் மாடியின் நடையில் போய் விழுந்தான். காய்கறிப் பையோடு நின்றிருந்த ஓர் அம்மாள் வீலென்று அலறினாள்.

"ஏனாயித்து, என்ன ஆச்சு?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டபடி பிரகாஷ் ஓடிவந்தார்.

"கூட ஒரு ஆள் குடுப்பீங்களா சார்?"

"ஒரு பில்டிங்குக்கு ஒரே ஆள்தான், அதான் ரூலு. புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், பழகிடும். திங்கக்கிழம வந்து சேந்துடுங்க."

வேலை கையில் இருந்தது. அதுதான் அவனை இன்னும் நடுங்க வைத்தது.

வீட்டுக்கு வந்து தனலக்ஷ்மியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கத்துவாள் என்று நினைத்தான். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இத்தினி வருசமா இத உள்ளயே வச்சிகினு இருந்தீங்களா? ஒருநாள் போலீஸ்காரன் வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?" என்றாள். "அந்த வேல வாணாம். ரக்ஷிதா படிப்புக்கு எதனா வழி பாத்துக்கலாம்." என்ன வழி என்று அவளுக்கும் தெரியவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் கடைக்குள் நுழைந்ததும் பெர்னார்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அந்தக் கம்பெனிலருந்து ஃபோன் பண்ணாங்க, குணா. உன்னப் பத்தி விசாரிச்சாங்க."

குணசேகர் ஸ்டூலில் உட்காராமல் நின்றான்.

"தங்கமான வேலக்காரன், எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். தனியா மட்டும் அனுப்பாதீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா வேல தட்டிப்போயிடுமேன்னு முழுங்கிட்டேன். அதுலருந்து எனக்குச் சோறு இறங்கல."

"நான் போகல சார்."

கிழவரின் கண் கலங்கியது. "எனக்காகவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல சார். பயம். நேத்து அங்க மறுபடியும் அதே மாதிரி ஆயிடுச்சு. விசேஷம்னு உங்ககிட்ட சொன்னதும் பொய்."

பெர்னார்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உசுரோட வந்து சொல்றியே, போதும்" என்றார்.

சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். தனலக்ஷ்மி ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரக்ஷிதாவுக்கு அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

குணசேகரின் பயம் மட்டும் விட்டபாடில்லை. கூண்டின் மேல் நிற்கும்போது கூட வந்தவன் பேச்சை நிறுத்தினால், இவன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. பெர்னார்ட் இந்தக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டே இருக்கிறார். அவர் கடைக்கு வரச் சற்றுத் தாமதமானால், குணசேகர் வாசலில் வந்து நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.