வெள்ளியங்கிரி நேராக்கிய துப்பாக்கி

மீனாட்சிபுரத்து வெள்ளியங்கிரிக்குக் கறவை மாடு இருந்தது, கொஞ்சம் கடலைக்காடு இருந்தது, பழனாத்தாள் என்று ஒரு பெண்டாட்டியும் இருந்தாள். ஊரோடு இருந்து பாலைக் கறந்து ஊற்றிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் மனுஷனுக்குக் காலில் சக்கரம். தை கழிந்ததும் பலூன் பலகையையும் காற்றுத் துப்பாக்கியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு, பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மலையேறிவிடுவார். மறையூரில் தொடங்கி மூணாறு, தேவிகுளம் என்று எஸ்டேட் கோயில் திருவிழாக்கள் முடியும்வரை ஊர்ப்பக்கம் தலைகாட்ட மாட்டார். "அந்தத் துப்பாக்கிக்கே தாலியக் கட்டியிருக்கலாமுங்க, என்னை எதுக்குக் கட்டுனீங்க" என்று பழனாத்தாள் வருஷா வருஷம் கேட்பாள். அவர் வருஷா வருஷம் சிரித்துவிட்டுப் போவார்.

அந்தத் துப்பாக்கி அப்படியொன்றும் அழகியல்ல. பொள்ளாச்சிச் சந்தையில் யாரோ வேண்டாமென்று போட்டதை எடுத்து வந்தது. நடுவில் ஒடித்து, ஈய ரவையை உள்ளே போட்டு, மறுபடி நிமிர்த்தினால்தான் சுடலாம். ஒடித்து ஒடித்து நிமிர்த்தியதில் மடங்குகிற இடத்து ஆணி ஒரு பக்கமாகத் தேய்ந்து, குழல் லொட லொடவென்று ஆடியது. எப்படி நிமிர்த்தினாலும் கடைசியில் இடப்பக்கமாகப் போய்ச் சாய்ந்துகொள்ளும். வருகிறவன் கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்துச் சுடுவான்; ரவை பலூனுக்கு இடப்பக்கம் பலகையில் போய் 'டொக்'கென்று விழும். ரோஷத்தில் இன்னொரு ரவை கேட்பான். வெள்ளியங்கிரி ஏன் அதைச் சரிசெய்யப் போகிறார்? ஆட்டம்தான் பிழைப்பு.

அந்தத் துப்பாக்கியால் குறி தப்பாமல் சுட்டது ஒரே ஒரு ஆள்தான். தேவிகுளத்தை ஒட்டிய எஸ்டேட் ஒன்றில் கொழுந்து கிள்ளுகிற ராமுத்தாய்.

அவள் புருஷன் சடையாண்டி அணைக்கட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலையிறங்கினவன். போனவன் போனவன்தான். கடிதமில்லை, ஆள் மூலம் ஒரு சொல் இல்லை. அந்த வருஷத் திருவிழாவில் கூட்டாளிப் பெண்கள் பிடித்துத் தள்ள, அவள் முதல்முறையாகத் துப்பாக்கியைத் தொட்டாள். சுட்டதெல்லாம் தப்பியது. விடாமல் சுட்டாள். கடைசியாக ஒரு சிவப்புப் பலூனைப் பார்த்து, இது வெடித்தால் என் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று மனசுக்குள் மாரியாத்தாளிடம் சொல்லிக்கொண்டாள். வெடித்தது. அதே வாரம், கம்பம் சந்தையில் சடையாண்டி மாதிரி ஒருத்தனைப் பார்த்ததாக லாரிக்காரன் ஒருவன் சொன்னான். 'மாதிரி' என்பது அவள் காதில் ஏறவில்லை.

கோயிலில் பூக்கட்டிப் பார்த்து உத்தரவு கேட்கிற சனம்தானே. அவளுக்கு இந்தப் பலகையே பூக்கட்டாகிவிட்டது. ஒவ்வொரு திருவிழாவிலும் வருவாள். ஒரே ஒரு ரவை, நடுவிலிருக்கிற சிவப்புப் பலூன். வெடித்ததும் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவாள். அவள் துப்பாக்கியைப் பிடிக்கிற விதம்தான் வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு. குழல் எப்போதும் வலப்பக்கம் பார்த்து நிற்கும். "அம்மிணி, பலூன் இங்க இருக்குதுங்க, நீங்க அந்த மரத்தையல்லோ சுடப் போறீங்க" என்பார். அவள் அப்படியே சுடுவாள். பலூன் வெடிக்கும். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று இவரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவளை அவருக்குப் பிடித்திருந்தது. பெற்ற பெண் இருந்தால் இவள் வயசுதான் இருக்கும் என்று பழனாத்தாளிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த வருஷம் அவர் மலையேறியபோது செய்தி வேறு மாதிரி இருந்தது. ராமுத்தாயின் அண்ணன் மொக்கையன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். அத்தைக்காரி சுமங்கலியா இல்லையா என்று தெரியாமல் அவளை எந்த வரிசையில் நிறுத்துவது? சீர்த்தட்டை அவள் தொடலாமா, கூடாதா? தோட்டத்து லைன் வீடுகளின் பெரியவர்கள் கூடி, வராதவனுக்குக் கருமாதி செய்து கழுத்தைக் காலிசெய்துவிடச் சொன்னார்கள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம். இந்தத் திருவிழாவிலும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன். வெடிக்கவில்லையென்றால் நானே தாலியைக் கழற்றிவிடுகிறேன். மொக்கையனும் சம்மதித்துவிட்டான்.

இதைக் கேட்ட வெள்ளியங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வருஷம் குழல் முன்னைவிடத் தளர்ந்திருந்தது. பலகையைக் கட்டி, தாமே சுட்டுப் பார்த்தார். ஒன்றுகூடப் படவில்லை. ஒரு பொம்பளையின் வாழ்வு இந்த ஓட்டைக் குழலிலா தொங்க வேண்டும்? துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, தேயிலை பேக்டரி வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த கபிரியேலைத் தேடிப் போனார்.

கபிரியேல் குழலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துச் சிரித்தான். "இத வச்சு எவன் அண்ணாச்சி குறி தப்பாம சுட்டான்?"

"ஒரே ஒரு பொம்பள சுட்டுதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. சொல்லிவிட்டு அதைப் பற்றி யோசிக்கவேயில்லை, பாவம்.

கபிரியேல் தேய்ந்த ஆணியைத் தட்டிக் கழற்றினான். லேத்தில் புதிதாக ஒன்றைக் கடைந்தான். இரண்டு பக்கமும் பித்தளை வாஷர் வைத்து இறுக்கினான். ஒடித்து நிமிர்த்தினால் 'டக்'கென்று உட்கார்ந்தது. கையால் ஆட்டினாலும் அசையவில்லை. சுவரோரம் ஒரு தீப்பெட்டியை வைத்துச் சுட்டார்கள். முதல் ரவையிலேயே பறந்தது. வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. இனி அந்த அம்மிணி கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் படும் என்று கபிரியேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராமுத்தாயிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. சொன்னால் ஆத்தாளின் உத்தரவில் மனுஷன் கைவைத்துவிட்டான் என்று சுடாமலே போய்விடுவாளோ என்று பயம்.

திருவிழா அன்று, மாவிளக்கு முடிந்த மத்தியானம் அவள் வந்தாள். மஞ்சள் சேலை, தலையில் ஈரம். மொக்கையன் கொஞ்சம் தள்ளி நின்றான். நடுவிலிருந்த சிவப்புப் பலூனை வெள்ளியங்கிரி மற்றதைவிடப் பெரிதாக ஊதிக் கட்டியிருந்தார். ரவையைப் போட்டு நிமிர்த்தி அவள் கையில் கொடுத்தார். அவள் கண்ணை மூடி முணுமுணுத்தாள். பிறகு தோளில் வைத்துக் குறி பார்த்தாள்.

குழல் வலப்பக்கம் பார்த்து நின்றது. எப்போதும்போல.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் கோணலாகப் பிடிக்கவில்லை. கோணல் துப்பாக்கிக்குத் தக்கபடி பிடித்திருக்கிறாள். முதல் வருஷம் தப்பிய ரவைகள் அவள் கைக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. அவளுக்கே தெரியுமோ தெரியாதோ. "அம்மிணி" என்று அவர் வாயெடுப்பதற்குள் சுட்டுவிட்டாள்.

ரவை பலூனுக்கு வலப்பக்கம் பலகையில் விழுந்தது. பலூன் காற்றில் லேசாக ஆடி நின்றது.

வெள்ளியங்கிரி பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டினார். ஆணி மாற்றியதை, வாஷர் வைத்ததை, கபிரியேலை, தீப்பெட்டியை. இது கணக்கில்லை, இன்னொரு தடவை நேராகப் பிடித்துச் சுடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் துப்பாக்கியைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"வேணாம்ணே. கோணத் துப்பாக்கி இத்தன வருசமா எனக்கு ஆசைக்குச் சொல்லிருக்கு. நேராக்குனதும் நெசத்தச் சொல்லிருச்சு."

அவர் சொல்லிப் பார்த்தார், மொக்கையனிடமும் போய்ச் சொன்னார். சாமி காரியத்தில் ஆணியும் வாஷரும் என்ன செய்யும் என்று அவன் திருப்பிக் கேட்டான். திருவிழா முடிந்த மறுநாள் ஓடைக்கரையில் கருமாதி நடந்தது. வெள்ளியங்கிரி பலகையை அவிழ்த்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிட்டார். மீனாட்சிபுரம் போய்ச் சேர்ந்ததும் பழனாத்தாளிடம் சொல்லி வாய்விட்டு அழுதார். நல்லது செய்யப் போய் ஒரு பெண்ணின் தாலியை அறுத்துவிட்டேன் என்று அழுதார். நீங்க நல்லதைத்தானே நெனச்சீங்க என்று அவள் தேற்றியது அவருக்கு ஆறுதலாக இல்லை.

மறுவருஷம் போகக்கூடாது என்றுதான் இருந்தார். கால் கேட்கவில்லை, அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் விடவில்லை. ராமுத்தாய் வந்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. கல்யாணமான அண்ணன் மகள் புருஷனோடு வந்திருந்தாள். அவள்தான் அத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். சும்மா ஒன்று சுடு அத்தை என்று கெஞ்சினாள். ராமுத்தாய் துப்பாக்கியை வாங்கினாள்.

குழல் பழக்கத்தில் வலப்பக்கம் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக நடுவுக்கு வந்தது. சுட்டாள், சிவப்புப் பலூன் வெடித்தது.

அவள் வெள்ளியங்கிரியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ரவைக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். வெடித்தது. மறுபடி நீட்டினாள். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை. ஒன்றுகூடத் தப்பவில்லை. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது, அண்ணன் மகள் துள்ளினாள். பலகையில் கிழிந்த ரப்பர்த் துண்டுகள் மட்டும் தொங்கின.

ராமுத்தாய் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போன வருசம் துப்பாக்கி நேராத்தான்ணே இருந்திருக்கு," என்றாள். "நாந்தான் கோணப் புடிச்சு, அவரக் கொன்னுட்டேன்."

இல்லை அம்மிணி, நான்தான் என்று சொல்ல வெள்ளியங்கிரி நிமிர்ந்தார். அதற்குள் அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.