பூட்டாத கட்டம்

கம்பெனிப் பேருந்து வாகட் நிறுத்தத்தில் வந்து நின்றபோது அமுதாவின் கணவர் அழைத்தார். “காலையில போயிட்டா” என்றார். இரண்டு வாரமாக மருத்துவமனையில் இருந்தவள்தான். ஆனாலும் என்னால் ஏற முடியவில்லை. பேருந்து போய்விட்டது.

ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. மராத்திய மண்ணில், கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பாள். கறாரானவள் என்பது அவளை அறிந்த எல்லோருக்கும் தெரியும். நான் அறிந்துகொண்டது ஒரே மதியத்தில்.

அன்று பிரேக் ஸ்பிரிங்குகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் சோதனை இயந்திரம் இழுவிசையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அந்தக் கூடுதலை எக்செல் தாளின் E1 கட்டத்தில் எழுதி, ஒவ்வொரு அளவிலிருந்தும் கழிப்போம். முதல் வரிசையில் ஃபார்முலாவை எழுதி, நாற்பது மாதிரிகளுக்கும் கீழே இழுத்துவிட்டேன். எல்லாம் தேறின. அமுதா சரிபார்த்துக் கையெழுத்திட்டாள்.

சாப்பிட்டு வந்து அதே தாளைத் திறந்தவள், கடைசி வரிசையைக் காட்டினாள். டாலர் குறி போட்டு E1-ஐ நான் பூட்டவில்லை. வரிசை இறங்க இறங்க அதுவும் E2, E3 என்று இறங்கியிருந்தது. அவை வெற்றுக் கட்டங்கள். முதல் ஸ்பிரிங்கைத் தவிர வேறெதிலும் எதுவும் கழியவில்லை.

திருத்தினோம். ஏழு மாதிரிகள் தேறவில்லை. லாரி கேட்டைத் தாண்டப் போகும் நேரம். அமுதா போன் செய்து நிறுத்தினாள். மேலாளர் வருவதற்குள், இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிடலாம் எனக் கெஞ்சினேன்.

“மெஷின் மேல போட்டா அவங்க மெஷினத்தான் சரி பண்ணுவாங்க லதா. ஃபார்முலா அப்படியே இருக்கும், புரியுதா, சம்ஜே?”

யார் செய்தது என்று மேலாளர் மராத்தியில் கேட்டார். அவள் என் பெயரைச் சொன்னாள். அடுத்த மூச்சில், முதல் வரிசையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டது தன் தவறு என்றும் சொன்னாள். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கோபம் இருக்கட்டும். என் ஷீட்ட இனிமே நீ பாரு. தப்பு இருந்தா என் பேரச் சொல்லு.”

மூன்றாம் வாரம் அவள் ஷீட்டில் ஒரு தவறு அகப்பட்டது. மேலாளரிடம் அவள் பெயரைச் சொன்னேன். அவள் தலையாட்டி, இந்தியில் “பஸ்” என்றாள், பிறகு தமிழில் “அவ்ளோதான்” என்றாள். அன்று சேர்ந்து சாப்பிட்டோம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தவறு செய்தால் யாரும் கேட்பதற்கு முன்பே ‘நான்தான்’ என்று சொல்லிவிடும் வாய். இன்றும் நடுங்கிக்கொண்டேதான் சொல்கிறது. ஆனால் சொல்லிவிடுகிறது.