பிள்ளையார் இல்லாத கார்டு

கணவனை இழந்தவள் தன் பெயரால் கல்யாணத்துக்கு ஆட்களை அழைத்தால், அந்தக் கல்யாணத்தில் ஏறும் தாலி நிலைக்காது. எங்கள் குடும்பம் அப்போது இதை நம்பியது. நம்பியது என்று சொல்வதுகூடப் போதாது. நம்பிக்கை என்றால் யாராவது எப்போதாவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இது, பெருமழை அடித்தால் லயம் என்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் ஒழுகும் என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. சித்தப்பா நம்பினார், சித்தி நம்பினார், தங்கை நம்பினாள். எல்லாரையும்விட உறுதியாக நம்பியவர் அம்மா. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் கோபம் முதலில் போய் நிற்பது அங்கேதான். ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கும் வழக்கத்துக்கு அவளையே காவலும் இருக்க வைத்திருந்தார்கள்.

அப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயால் இறந்துபோனார். அதன்பின் அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் வளர்த்தார். நான் படித்து, எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையானேன். எனக்குத் திருமணத்தில் நாட்டமில்லை என்பதை அம்மா தாமே எல்லா வீட்டுக்கும் சொல்லி, கேள்விகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். தங்கைக்கு மாப்பிள்ளை தேடி, விசாரித்து, பொகவந்தலாவையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பல தடவை பஸ் ஏறிப் போய்ப் பேசி முடித்தவரும் அவரே. எல்லாம் முடிந்தபின், நிச்சயத்தன்று சித்தப்பா வந்து நடுப்பாயில் உட்கார்ந்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் லயத்தின் மறுகோடியில் குடியிருந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என்பதால் மேலாளரான துரைகூட அவரிடம் கொஞ்சம் யோசித்தே பேசுவார். மேடையில் ஏறிப் பெண் தொழிலாளியின் உழைப்பைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கும் கலங்கியிருக்கிறது.

கல்யாணம் தை மாதத்தில் என்று முடிவானது. எங்கள் உறவுக்காரர்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்தார்கள். தீபாவளிக்கு லீவு எடுத்துவிட்டால் தையில் முதலாளி விடமாட்டார். அழைப்பிதழ் அச்சாகி அவர்கள் கைக்குப் போவதற்குள் தீபாவளியும் போய்விடும். லயத்தில் அப்போது யாரிடமும் தொலைபேசி இல்லை. கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்த மாப்பிள்ளைதான் வழி சொன்னார்.

"எங்க ஆபீஸ்ல பெரியவங்க வீட்டுக் கல்யாணம்னா மொதல்லயே ஒரு சின்னக் கார்டு வந்துரும்க்கா. நாள மட்டும் சொல்லி. பெரிய கார்டு அப்பறந்தான்."

எழுதும் வேலை என்னிடம் வந்தது. இஸ்தோப்பில், அதாவது நாங்கள் குடியிருந்த காம்பராவுக்கு முன்னால் உள்ள திறந்த தாழ்வாரத்தில், தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அழைப்பிதழுக்கு மேலே பிள்ளையார் இருப்பார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும், தாம்பாளத்தில் வெற்றிலையோடு வைத்துச் சுமங்கலிகள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார் பெயர் எங்கே வரவேண்டும் என்பதை நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிவுசெய்து வைத்திருந்தார்கள். இந்தச் சின்னக் கார்டோ எங்கள் மலைக்கு நேற்று வந்தது. இதற்கு மஞ்சளும் இல்லை, தாம்பாளமும் இல்லை. யார் பெயரைப் போடக் கூடாது என்று சொல்ல ஒருவருக்கும் இதுவரை வாய்ப்புக் கிடைத்திருக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"பிள்ளையார் போடுவாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"மஞ்சத் தடவுறது?"

"அதுவும் இல்ல."

"அப்ப அது சாமி சம்பந்தப்பட்டது இல்ல." கொஞ்ச நேரம் புடைத்தார். "கூப்புடுறேன்னு மட்டும் போட்டுறாத. லீவு கேட்டு வச்சுக்கங்கன்னு போடு. சொல்றதுல என்னா குத்தம்?"

தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தாலி விசயம்க்கா. வெளையாடாத."

"நீ வேணும்னா ஒன் புருசன் வீட்டுக்குப் போயி கார்டு அடிச்சுக்க," என்றார் அம்மா. வெகுநாட்களுக்குப் பிறகு அவர் குரலில் குறும்பு இருந்தது.

கடைசியில் வாசகம் இப்படி அமைந்தது. "என் இளைய மகளின் திருமணம் தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை ஹட்டனில் நடைபெறும். வேலைக்குப் போகிறவர்கள் இப்போதே லீவு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் பிறகு வரும்." கீழே அம்மாவின் பெயர். முன்னால் 'திருமதி' இல்லை, பின்னால் கணவர் பெயர் இல்லை. நான் எழுதிய எதையும் இத்தனை கவனத்தோடு எழுதியதில்லை.

ஹட்டனில் அச்சகக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சைஸ்ல நாங்க கருமாதிக்குத்தான் டீச்சர் அடிப்போம். ஒரு பிள்ளையாராச்சும் போட்டுத் தாறேனே? சும்மாதான்."

"வேண்டாம்," என்றேன். பிள்ளையார் வந்தால் பின்னாலேயே சித்தப்பாவும் வருவார் என்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

கொழும்புக்கும் பொகவந்தலாவைக்கும் கொத்மலைக்கும் தபாலில் அனுப்பினோம். தோட்டத்துக்குள் கொடுப்பதை அம்மா தாமே எடுத்துக்கொண்டார். மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவரைக் கண்டேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள்ளிருந்து பொலிதீன் பையை எடுத்து, ஈரக் கையைத் துடைத்து, ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் கூடையை இறக்கிவிட்டுக் கூடினார்கள்.

"என்னாக்கா, எலெக்சன் கேக்குறியா? நோட்டீஸ் குடுக்குற!"

"படிச்சுப் பாருடி."

"அடியாத்தே! இவ பேரு போட்டிருக்கு! சம்பளச் செக்ரோலுக்கு வெளிய ஒன் பேர இன்னைக்குத்தான்க்கா பாக்குறேன்."

"லீவு கேக்கணுமாமே. நாங்க யாருகிட்ட கேக்குறது, வேல வாங்குற கண்டாக்கையாகிட்டயா?"

"கேளு. பொண்ணோட அம்மா சொன்னுச்சுன்னு சொல்லு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கல்யாண வீட்டுக்காரியின் சிரிப்பு அது. அப்பா போனபின் எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களில் பின்கட்டில் வெங்காயம் உரித்துவிட்டு முன்வாசல் வராமலே திரும்பியவர் அவர். அந்த ஒரு மாலையில் தம் மகளின் கல்யாணத்தைத் தம் வாயால் சொல்லிக்கொண்டு நின்றார்.

மறுநாள் சித்தப்பா வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"அண்ணந்தான் செத்துருச்சு. நானும் செத்துட்டனா அண்ணி?"

"என்னா தம்பி பேச்சு இது?"

"பொம்பள பேருல கல்யாணக் கார்டு! அதுவும் தாலியறுத்த பொம்பள பேருல! சங்கத்து ஆளுங்க எங்கிட்டயே கொண்டாந்து காட்டுறானுங்க."

"அழைப்பிதழ் இல்ல சித்தப்பா. நாள் சொல்ற கார்டுதான்," என்றேன்.

"நீ படிச்சவ. ஒனக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்கும். ஊருக்கு எல்லாம் ஒண்ணுதான்." பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா இவங்களா வந்து நிப்பாங்க?"

தங்கை அழுதாள். அந்த அழுகை அம்மாவை முடித்தது. நான் பேசத் தொடங்கியபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

சித்தப்பா கேட்டது மன்னிப்பு அல்ல. தோட்டத்துக்குள் கொடுத்த கார்டுகளையெல்லாம் திருப்பி வாங்க வேண்டும், கொடுத்தவரே போய் வாங்க வேண்டும் என்றார். அம்மா போனார். கூடவே சித்தி ஒரு பையைப் பிடித்துக்கொண்டு போனார், வாங்கியதைப் போட. நானும் பின்னால் நடந்தேன். முந்தின நாள் சிரித்துக் கொடுத்ததை வாசல் வாசலாகத் தலைகுனிந்து கேட்க வைத்ததை நான் எந்தச் சொல்லாலும் மென்மையாக்க மாட்டேன். மேடையில் பேசிய வாயிலிருந்துதான் அந்த உத்தரவும் வந்தது.

பெண்கள் எளிதில் விடவில்லை. "எலி கடிச்சிருச்சுக்கா" என்றாள் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் கார்டு சொருகியிருந்தது. "மகன் கொழும்புக்குக் கொண்டுபோயிட்டான்" என்றாள் இன்னொருத்தி. அந்த மகன் அவள் பக்கத்திலேயே நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பக்கத்துக் காம்பராக்காரி சித்தியை நேராகப் பார்த்து, "கார்டு என்னா கைமாத்தா, திருப்பிக் கேக்க?" என்றாள். சித்தி நிலத்தைப் பார்த்தார். ஆனாலும் பையை விடவில்லை.

அழைப்பிதழ் கருஞ்சிவப்பில் வந்தது. தங்கப் பிள்ளையார், அவருக்குக் கீழே அழைப்பவர்களாகச் சித்தப்பாவும் சித்தியும். மற்ற வீடுகளில் அமரரின் பெயரை அடுத்து மணமகளின் தாய் பெயராவது வரும். எங்கள் வீட்டில் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த அழைப்பிதழை மட்டும் படித்தவர்கள், என் தங்கையை இறந்துபோன ஓர் ஆண் தனியாகப் பெற்றெடுத்தார் என்றே எண்ணியிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று ஹட்டன் மண்டபத்தில் சித்தப்பா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, "அக்கா எங்க?" என்று கேட்டபடி அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். அம்மா பின்னால் சமையல் பக்கத்தில், அடுக்கிவைத்த வாழையிலைகளுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். "லீவு கேட்டு வச்சு வந்துட்டோம்க்கா," என்றார்கள் ஒவ்வொருவராக. அம்மா தலையசைத்தார். எழுந்து மணவறைப் பக்கம் வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மகளின் கழுத்தில் தாலி ஏறியதை அவர் மேளச் சத்தத்தால் தெரிந்துகொண்டார்.

அந்தத் தாலி நிலைத்தது. தங்கையும் அவள் கணவரும் கொழும்பில் பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கிறார்கள். சித்தப்பா சாகும்வரை அதைத் தாம் காப்பாற்றிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. நடக்காத கேட்டைத் தடுத்தேன் என்கிறவரிடம் எதைக் காட்டி வாதிடுவது?

அவர் இறந்து ஒன்றிரண்டு வருடங்களில் அவர் மகனுக்குக் கல்யாணம் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

"கொத்மலைப் பங்காளி ஒருத்தர் பேருல அடிக்கணுமாம்," என்றார் கடைசியில். "அவருக்கு என் மகன் மூஞ்சியே தெரியாது." பிறகு என்னைப் பாராமல், "அன்னைக்கு நீ எழுதுனியே, அந்த மாதிரி ஒரு சின்னக் கார்டு..." என்றார்.

நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பையைப் பிடித்த கை.

"எழுதிக் குடு," என்றார் அம்மா.

"ஒங்களுக்குக் கோவமே வராதாம்மா?"

"கோவம் இல்லைன்னா சொன்னேன்? எழுதிக் குடுன்னுதான் சொன்னேன்."

எழுதினேன், மன்னித்து அல்ல. 'லீவு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்' என்ற இடத்துக்கு வந்தபோது அம்மா குறுக்கிட்டார். "அது மட்டும் பத்தாது. கூப்புடுறேன்னு போடு."

சித்தி பதறினார். "அக்கா, தாலி விசயம்..."

"ஏம் பேரு போட்டும் ஏம் மக இன்னைக்கும் போன்ல எங்கிட்ட புருசன திட்டிக்கிட்டுத்தான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா. நீ பெத்த மகனுக்கு நீ கூப்புடாம யாரு கூப்புடுவா?"

அந்த ஒரு கேள்வியை அம்மா தமக்காகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறாது.

கார்டு அப்படியே அச்சானது. பிள்ளையார் இல்லாமல், சித்தியின் பெயரோடு, 'அழைக்கிறேன்' என்ற சொல்லோடு. தோட்டத்துக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள், சித்தியும் அம்மாவும். யாரும் அவர்களைத் திரும்பப் போய் வாங்கிவரச் சொல்லவில்லை.

சித்தியின் மகனும் மருமகளும் இப்போது கொழும்போடு போய்விட்டார்கள். லயத்தின் அந்தக் கோடியில் சித்தி இருக்கிறார். இந்தக் கோடியில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.