மேசை விளிம்பில் சுலைகா அக்காவின் கை

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் வியாழக்கிழமை வாசலில் கூடையை இறக்கினார். "பொம்ம விக்குமே சுலைகாக்கா, மௌத்தாயிடிச்சும்மா. நெஞ்சு வலின்னிச்சாம், அவ்ளோதான்" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இதை ஏன் என்னிடம் வந்து சொல்கிறார், இவருக்கு எவ்வளவு தெரியும் என்ற சந்தேகம்தான். என் குணம் அப்படி. அக்காவைப் பற்றி எழுதும்போது அதை மறைக்கக் கூடாது.

நம் சேகரிப்பாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. அவர் கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தகர பொம்மை கொண்டுவருவாராம். நடக்கும் வாத்து, மேளம் தட்டும் கரடி, கரணம் போடும் குரங்கு. பிள்ளையில்லாத வீட்டில் அவை பீரோவிலேயே நின்றன. கணவர் காலமான பிறகு, 1973ஆம் ஆண்டில், செங்கல்பட்டுப் பள்ளிக்கூட ஹாலில் நாம் நடத்திய கண்காட்சிக்கு அவற்றை விற்க எடுத்துவந்தார். பக்கத்து மேசையில் நான், கல்லூரி நாளில் சேர்த்த தபால்தலைகளோடு.

வெளிநாட்டுச் சாமான் என்றதும் எல்லோருக்கும் கண் உறுத்தியது. "கடத்தல் சரக்கா இருந்தா நமக்கெல்லாம் பேஜாரு" என்றார் அப்போதைய செயலாளர், அக்கா காதில் விழும்படியாகவே.

"அண்ணாத்த, கையில கட்டிகினு கீறீங்களே ஃபாரின் வாட்ச்சு, அது இன்னா கொளவா ஏரிக்கரையில காச்சுதா?" என்றார் அக்கா. ஹாலே சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. நானும் சந்தேகத்தை விடவில்லை.

பொம்மைச் சாவிகளைச் சிவப்பு நூலில் கட்டி இடுப்பில் செருகியிருப்பார். யார் வந்தாலும் முதல் கேள்வி, "யாருக்கு?" அலமாரியில் வைக்க என்றால் மூன்று முறை ஓடவிட்டுக் காட்டி, பிறகே சாவியை அவிழ்ப்பார். கைக்குழந்தைக்கு என்றால் தரமாட்டார். பொம்மை ஓடும்போதெல்லாம் மேசை விளிம்பில் உள்ளங்கையை விரித்துக் காத்திருப்பார். ஒன்றுகூடக் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை.

அப்போது என் மகள் கலாவுக்கு ஒன்றரை வயது. வாத்தைக் கேட்டு அழுதாள்.

"எனக்குக் குடுங்களேன் அக்கா."

"உனுக்கு இல்ல."

"ஏன், நான் சும்மாவா கேக்கறேன்?"

"தகரம் வாயக் கிழிக்கும் தங்கச்சி. அஞ்சு வயசு ஆவட்டும், வா."

வெள்ளைக்காரர்களுக்காகப் பதுக்குகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த கண்காட்சி மாமல்லபுரத்தில், கடலோர விடுதி ஒன்றின் கூடத்தில். ஹிப்பிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் ஒருவருக்கு ஆல்பத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால், அக்கா கலாவின் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருக்கிறார். குழந்தை முகம் சிவந்து திணறுகிறது. ஓடிப்போய் அந்தக் கையில் ஓங்கி அடித்தேன்.

"என் குழந்தை வாயில என்னத்தப் போட்டீங்க?"

"போடல, எடுத்தேன். சாவிம்மா. ஒரு வெள்ளக்காரிக்குன்னு அவுத்து வெச்சேன், அதுக்குள்ள வாயில போட்டுக்கிச்சு."

"பொய்! உங்க சாவி இடுப்ப விட்டு இறங்காதே!"

செயலாளர் கேட்டபோது, எதையோ ஊட்டினார், நானே பார்த்தேன் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. இனி இந்த அம்மாவுக்கு மேசை கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். அக்கா பொம்மைகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றினார். போகும்போது, "பாப்பாவுக்குத் தண்ணி குடு" என்றார்.

அன்று சாயங்காலம் கலாவுக்கு வாய் கழுவிவிட்டபோது, முன்பல் இடுக்கில் ஒரு சிவப்பு நூல் இழை இருந்தது.

அதை அடுப்பில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்களே என்ற பயம்.

அதன்பின் அக்கா மாமல்லபுரம் மணலில் சாக்கு விரித்து விற்றார். மணலில் பொம்மை ஓடாது. அதற்கென்று ஒரு பலகை வைத்திருந்தார். ஒருமுறை அந்த வழியாகப் போன என்னைக் கண்டுகொண்டார்.

"இன்னா தங்கச்சி, பாப்பா நல்லா கீதா? வாத்த விக்கல. வெச்சிகினு கீறேன்."

என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றே நினைத்தேன். திரும்பிப் பாராமல் நடந்தேன்.

வியாழக்கிழமை மீன்கார அம்மாள் கூடையைத் தூக்குமுன் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "டீச்சர் வூட்டுக்குப் பக்கத்து வூடு, தபால்தலைக்காரம்மா, அவங்க பொண்ணுக்கு அஞ்சு வயசு ஆனதும் குடுன்னு போன மாசமே எங்கிட்ட குடுத்திச்சு. ஆயிடிச்சா?"

ஆகி ஒரு வாரம்தான். பொட்டலத்தைப் பிரித்து, செய்தித்தாளின் மடிப்புகளில்கூட ஒரு கடுதாசி தேடினேன், என்னைத் திட்டி ஏதாவது இருக்குமென்று. ஒன்றுமில்லை. வாத்தும், புது சிவப்பு நூலில் கட்டிய சாவியும் மட்டுமே.

சங்கத்து நண்பர்களே, சுலைகா அக்கா என் குழந்தையின் வாயில் எதையும் போடவில்லை. எடுத்தார். நான் சொன்னது பொய். அவர் இருந்தபோது இதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது.

நேற்று கலா சாவி கொடுத்து வாத்தை மேசைமேல் விட்டாள். அது கழுத்தை ஆட்டிக்கொண்டே விளிம்புக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. நான் உள்ளங்கையை விரித்து நீட்டினேன். உங்களை அடித்த அதே கைதான், அக்கா. அதில் வந்து விழுந்தது வாத்து.

நிம்மதியாகப் போய் வாருங்கள்.