புல்லுக்குள் ஆரு?

போன செவ்வாய்க்கிழமை காலை, என் புல்லை ஆமிப் பட்டாளம் சுற்றி வளைத்தது.

சிரிக்காதீர்கள். உண்மையாகவே புல்லைத்தான்.

தேற்றாத்தீவில் எங்கள் பின்வளவு உங்களில் சிலருக்குத் தெரியும் — குருவிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்று நான் விட்டுவைத்த துண்டு நிலம். மாரிக்கு முன்பு வாவிக்கரையில் மயில்கொண்டைப் புல்லின் கதிர்களை உருவிவந்து அதில் தூவினேன். ஊதா நிறத்தில் கொண்டை வைத்து, இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. விதை கொத்தச் சில்லைக்குருவிகள் கூட்டமாக வருகின்றன. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவுக்கு அது இல்லை. "என்னகா, பாம்பு வளக்கிறியா?" என்பார். என் கணவரின் பயம் வேறு. "இந்தச் சண்டைக் காலத்தில ஆள் ஒளியிற அளவுக்குப் புல்லு வளக்கலாமா? வெட்டிப்போடு."

நான் வெட்டவில்லை. ஆமி வந்தது.

பொறுப்பாக வந்த அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "இது என்ன?"

"புல்லு, சேர்."

"மாடு இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

துவக்கோடு நிற்பவரிடம் இதையெல்லாம் எங்கே தொடங்கிச் சொல்வது? "குருவிக்கு," என்றேன். என் காதுக்கே பொய் மாதிரிக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் புல் அசைந்தது.

சிப்பாய்களின் துவக்குக் குழல்கள் நிமிர்ந்தன. "யாரு உள்ள? வெளிய வா," என்று அதிகாரி கத்தினார். யாரும் வரவில்லை. மறுபடியும் அசைந்தது... கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். உண்மையிலேயே யாராவது ஒளிந்திருந்தால்? எங்கள் கதை அன்றோடு சரி.

வெளியே வந்தது கைப்பிடி அளவில் ஒரு காடை. பின்னால், கட்டைவிரல் அளவில் நாலைந்து குஞ்சுகள். சப்பாத்துக் கால்களுக்கு நடுவால், ஏதோ சந்தைக்குப் போவதுபோல நடந்து, வேலியோரப் பற்றைக்குள் போய்விட்டன.

முதலில் சிரித்தது ஒரு சிப்பாய். பிறகு அதிகாரி. பிறகு நான் — நிறுத்தவே முடியவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் பாக்கியம் அக்காவின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் சத்தம். பயம் போகும்போது இப்படித்தான் போகுமோ, வயிறு வலிக்க வலிக்க?

கிளம்பும்போது அதிகாரி கட்டளையிட்டார். "குஞ்சு பெரிசா வந்த பிறகு, புல்லு எல்லாம் வெட்டணும்."

"ஓம், சேர்," என்றேன், மிகப் பணிவாக.

காடை எவ்வளவு பெரிசாக வளரும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.