நடு சீட்டில் போட்ட துண்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் காலையில் என் கடை முன்னால்தான் நிற்கும், எந்த வளைவில் எந்த ஆவி கையைக் காட்டியது என்று தினமும் ஒரு கதை வரும், நானும் முழுசாகக் கேட்டுவிட்டு, "கையக் காட்டுச்சுல்ல, ஏத்திக்கிட்டு வர வேண்டியதுதானண்ணே?" என்று விரட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

என் அண்ணன் முருகேசன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோலாலம்பூருக்கு ஓட்டல் வேலைக்குப் போனார். எட்டு மாசம் போன் வந்தது, அப்புறம் இல்லை. தேடாத இடமில்லை, கொடுக்காத மனுவில்லை. இந்த வருஷம் சொந்தக்காரர்கள் கூடி, ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவியில் அவருக்குக் காரியம் செய்துவிடுவது, மதினி தாலியைக் கழற்றிவிடுவது என்று பேசி முடித்தார்கள். நானும் தலையாட்டினேன், மறைக்க மாட்டேன். மதினி அழவில்லை. "அவுக போன ஊர ஒரு தடவ என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு வந்து சொல்றேன், கழட்டுறதா வேணாமான்னு" என்றார்.

நான்தான் மதினியைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போனேன். அந்த ஊரில் வேலை பார்க்கிற என் மகள், ஒரு நாள் முழுக்க எங்களுக்கென்று தனியாக ஒரு கார் பிடித்துக் கொடுத்தாள். அவளுக்கு லீவு இல்லை. டிரைவரும் வழிகாட்டியும் ஒரே ஆள், சேகர் என்று பெயர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

நான் முன்னால் உட்கார்ந்தேன். மதினி பின்னால் ஏறியதும் பையிலிருந்து அண்ணனுடைய பழைய துண்டை எடுத்துப் பக்கத்தில், நடு சீட்டில் போட்டார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமில்லையா, அதே கணக்கு.

"யாருக்கு மதினி?"

"எதுக்க வந்தாகன்னா ஏத்திக்கிட்டுப் போக இடம் வேணாமா?"

வண்டி கிளம்பியதும் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பித்தது. "அக்கா, பெல்ட்டு போடுங்க லா" என்றார் சேகர், அந்த ஊர்ப் பேச்சில். மதினி போட்டிருந்தார். சேகர் முன்னாலிருந்த விளக்கைப் பார்த்துவிட்டு, "நடு சீட்டுல வெயிட்டா எதும் வச்சிருக்கீங்களா? ஆளு உக்காந்தாத்தான் இது அடிக்கும்" என்றார். துண்டைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. மதினி துண்டின் மேலேயே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

"செத்த ஆளுக்கா வண்டி பெல்ட்டு கேக்குது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இரட்டைக் கோபுரம் பார்த்தோம், குகைக்குள் இருக்கிற முருகனைப் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் மதினி துண்டுக்கு மாட்டிய பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்குவார், திரும்பி வந்து கிளம்பினால் டிங் டிங், மாட்டினால் நிற்கும். எனக்கு எரிச்சலாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் பின்னால் போய், "இங்க பாருங்க, வெறும் சீட்டு" என்று துண்டுக்கடியில் கையை வைத்தேன். கார் இரண்டு மணி நேரமாகக் கட்டடத்துக்கு அடியில், வெயிலே படாத இடத்தில் நின்றிருந்தது. மற்ற இடமெல்லாம் சில்லென்றிருக்க, நடுவில் மட்டும், இப்போதுதான் ஒரு ஆள் எழுந்து போன மாதிரி சூடு. கையை எடுத்துவிட்டேன். முன்னால் போகாமல் அந்தப் பக்க ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்துகொண்டேன். என்னதான் நடக்கிறது பார்த்துவிடுவோம் என்ற வீம்பு.

மூன்று மணி இருக்கும். ஒரு மார்க்கெட்டை ஒட்டிய பாலத்தைத் தாண்டியதும் சேகர் ஓரம் கட்டினார். மதினி ஏதோ ஜாடை காட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். மதினி துண்டின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி, கதவைத் திறந்து பிடித்தபடி அஞ்சு நிமிஷம் நின்றார். லாரியிலிருந்து முட்டைகோஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. திரும்ப ஏறினார். துண்டு அங்கேயே இருந்தது, அதன் மேல் பெல்ட் மாட்டவில்லை, வண்டி கிளம்பியது.

சத்தமில்லை.

சேகரே திரும்பிப் பார்த்தார். "இப்ப ஏன் அடிக்கல?"

"எறங்கிட்டாக" என்றார் மதினி. அடுத்த நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஒம்பது வருசம்! ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்குனா கொறஞ்சா போயிருவ?" என்று ரோடே திரும்பிப் பார்க்கக் கத்தினார். இறங்கி ஓடினோம். அண்ணன் போட்டோவைக் கடை கடையாகக் காட்டினோம். இருட்டுகிறவரைக்கும் ஒருவரும் தெரியுமென்று சொல்லவில்லை.

அறைக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னேன். "மதினி, வந்தது அண்ணனாவே இருந்தாலும், அது உசுரில்லாத..."

"நிறுத்துங்க கொழுந்தனாரே. செத்திருந்தா நம்ம கூடவே ஊருக்கு வந்திருப்பாக. எறங்கிட்டாகன்னா அங்கன சோலி கெடக்குன்னு அர்த்தம். சோலி கெடக்குற மனுசன் எப்படிச் செத்த மனுசன் ஆவாக?"



அமாவாசையன்று விடியும்போதே சித்தப்பா வேனோடு வந்துவிட்டார். நான் வாசலில் நின்றுகொண்டேன். "காரியம் கெடையாது சித்தப்பா. வேனைத் திருப்பச் சொல்லுங்க."

"ஒனக்குமாடா புத்தி பெரண்டுபோச்சு? அவன் பசியோட அலைவான்டா!"

"அண்ணே சாப்பாட்டுக் கடைக்குத்தான வேலைக்குப் போச்சு? பசிக்காது, போங்க."

உள்ளே மதினி சிரித்தது கேட்டது. அன்றிலிருந்து பாதிச் சொந்தம் எங்களோடு பேசுவதில்லை. தாலி கழுத்தில் இருக்கிறது, இருக்கட்டும். எவர் வந்து கேட்டாலும் வாசலில் நான் நிற்பேன்.

ஆனால் மதினியிடமே இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொன்னால் அந்தப் பாலத்தில் போய் நின்றுவிடுவார், திரும்ப வரமாட்டார் என்று பயம். ஊருக்குத் திரும்பிய அன்றைக்கு எங்களை ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டதும் சேகர்தான். பெட்டியை இறக்கிக் கொடுக்கும்போது கேட்டார்: "ஐயா, அப்புன்னா என்ன? அன்னைக்குப் பாலத்துக்கிட்ட, 'இங்கன நிறுத்து அப்பு'ன்னு பின்னாலேருந்து சொன்னீங்களே."

அவரை நான் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை, தம்பி என்றுதான் கூப்பிட்டேன். பாலத்துக்கிட்ட வாயே திறக்கவில்லை. பேர் தெரியாத எவரையும் அப்பு என்று கூப்பிடுவது அண்ணன்தான். எனக்கும் மதினிக்கும் நடுவிலிருந்து வந்த குரல், முன்னால் உட்கார்ந்திருந்த, அண்ணனை யாரென்றே தெரியாத சேகருக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த எனக்கு ஏன் கேட்கவில்லை?